குலுக்கல் சீட்டு

மூன்றடி ஏழங்குலம்.
நாடாவின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு
சேற்றுக்கோடு வரைக்கும் இழுத்தேன்.
திருப்பாப்புலியூர், அமலோற்பவத்தின் நோட்டுக் கடை.
நாற்பது பக்கம், எண்பது பக்கம்,
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம்
எல்லாம் ஒரே பருமனுக்கு ஊதியிருந்தன.
காகிதம் குடித்த தண்ணீர்
அலமாரியின் சட்டத்தையே பிளந்திருந்தது.
ஒன்றை உருவப் பார்த்தேன், வரவில்லை.
"கடப்பாறை வேணும் சார்" என்றாள்.

என் படிவத்தில் கேள்வி எண் ஒன்பது:
தண்ணீர் எங்கிருந்து வந்தது?
மழை. ஆறு. கடல். வடிகால்.
ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடவும்.

"மழை முந்தாநாளே விட்டுடுச்சு.
அன்னிக்கு வத்தல் காயப்போடுற வெயில்.
மேற்கே எங்கேயோ திறந்துவிட்டாங்களாம்,
அது வந்து சேர ஒரு ராத்திரி.
கெடிலம் வந்துடுச்சு, போக இடமில்ல.
அமாவாசை. உள்ளே வாங்க மாட்டேன்னு கடல் நிக்குது.
கடைக்குள்ள வந்தது ஆறும் இல்ல சார், சாக்கடை.
கை கழுவுற தொட்டி ஓட்டை வழியா
கொப்புளிச்சுக்கிட்டு, எதிர்த் திசையில.
எதுல டிக் போடுவீங்க?"

நான்கிலும் போட்டால் கணினி ஏற்காது.
ஆறு என்று போட்டேன்.
அழுத்தியதில் அடுத்த தாளிலும் பதிந்தது.

பாலித்தீன் உறையிலிருந்து பாலிசியை எடுத்தாள்.
கடையில் நனையாதது அது ஒன்றுதான்.
தீக்காப்பீடு.
எங்கள் தொழிலில் வெள்ளத்துக்குத் தனி வீடு இல்லை,
நெருப்பின் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும்.
புயல், வெள்ளம், நீர் சூழ்தல்: ஒரே வரி.
அந்த வரியின் மேல் ஒரு முத்திரை,
'நீக்கப்பட்டது.'
ஆண்டுக்கு மிச்சம் அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்.
நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம்னு
போன தடவை பேசிக்கிட்டாங்க.
அதான் வந்துட்டுதே, இனி நமக்கென்னன்னு."

சதவீதம் சொல்லியிருக்கிறேன்,
படம் போட்டிருக்கிறேன்,
இதுவரை ஒருவருக்கும் விளங்கியதில்லை.
மின்விசிறிக்கு அடியில் ஒரு கணக்கு நோட்டு
பக்கம் பக்கமாக விரிந்து காய்ந்துகொண்டிருந்தது.
"சீட்டு பிடிக்கிறீங்களா?"
"குலுக்கல். இருபது பேர்."
"எடுத்தவங்க பேரை என்ன பண்ணுவீங்க?"
"கிழிச்சிடுவோம். ஒருத்தருக்கு ஒரு தரம்தானே."
"வெள்ளம் கிழிக்காதுங்க.
எடுத்த சீட்டை மடிச்சுத் திரும்ப டப்பாவுக்குள்ளயே போட்டுடும்.
அடுத்த ஐப்பசிக்கு அதே நூறு."

தெருவில் யாரோ ஒரு மெத்தையை
இழுத்துக்கொண்டு போனார்கள்.
அந்தச் சத்தம் தேய்ந்து முடியும்வரை பேசவில்லை.

"டப்பாவுல நூறுதானா?"
கதவை விலக்கினாள்.
பின்சுவரில், காம்பஸ் முனையால் கீறிய கோடுகள்,
பிள்ளைகளின் உயரம் குறித்ததுபோல.
முட்டி. கணுக்கால். தொடை. முட்டி.
ஐந்தாவதை இன்னும் கீறவில்லை,
ஈரம் காயட்டும் என்று விட்டிருக்கிறாள்.
பதினெட்டு வருஷம்.
"நூறுன்னு எழுதினவரு எந்த ஊரு சார்?"

என் கைப்பையில் இருந்த வரைபடம் பழசு.
அதில் ஏரி ஏரியாகவே இருக்கிறது,
அதற்குள் பிளாட் போட்ட கற்கள் இல்லை,
புறவழிச்சாலை தண்ணீருக்குக் குறுக்கே படுக்கவில்லை.
மடித்தே வைத்தேன்.

இழப்பு: நான்கு லட்சத்துப் பதினேழாயிரம்.
கோரத்தக்கது: இல்லை.
கையெழுத்துப் போடும்போது
இனிஷியலுக்குப் பின் புள்ளி வைக்க மறந்து,
திரும்ப வாங்கி வைத்தாள்.

"உங்க வீடு எங்க சார்?"
"மஞ்சக்குப்பம். தரைத்தளம்."
"எழுதியாச்சா?"

விரலைச் சுண்டிவிட்டு
நாடா கூட்டுக்குள் ஓடியது.

மேல்தட்டிலிருந்து ஒரு காம்பஸை எடுத்தாள்,
துரு இல்லாதது,
காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைத்தாள்.
"பதினஞ்சு ரூபா.
பில் போடட்டுமா?"